ஜிடி86 காருக்கு ரிம் மாற்றும்போது: எடை, விட்டம், அகலம், ஆஃப்செட்

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொன்னால் இதுதான். உங்களிடம் டொயோட்டா ஜிடி86 இருக்கிறது; கம்பெனி ரிம்மை மாற்ற விரும்புகிறீர்கள்; இரண்டு செட் கைக்கு எட்டும் விலையில் கிடைக்கின்றன. முதலாவது 18 அங்குல விட்டம், 9.5 அங்குல அகலம், ஆஃப்செட் (சக்கரம் எவ்வளவு உள்ளே அல்லது வெளியே நிற்கும் என்பதைக் காட்டும் மி.மீ. எண்; விளக்கம் பின்னால்) +22, ஒன்று 10.5 கிலோ எடையுள்ள வார்ப்பு அலாய். அதோடு 245/40 ஆர்18 டயர் (அகலம் 245 மி.மீ., பக்கச்சுவர் உயரம் அதில் 40 சதவீதம், ரிம் 18 அங்குலம்). இரண்டாவது 17 அங்குல விட்டம், 8 அங்குல அகலம், ஆஃப்செட் +45, ஒன்று 7 கிலோ எடையுள்ள ஃபோர்ஜ்டு (உலோகத்தை வார்க்காமல் அழுத்தி உருவாக்கிய) அலாய். அதோடு 225/45 ஆர்17 டயர். ரிம்மில் ஒரு கிலோ குறைந்தால் காரில் பத்துக் கிலோ குறைந்த மாதிரி என்று ஒரு நண்பர் சொன்னதாகவும், எடையெல்லாம் ஓட்டும்போது தெரியவே தெரியாது என்று கடைக்காரர் சொன்னதாகவும் எழுதி, இருவரில் யார் சொல்வது சரி என்று கேட்டிருக்கிறீர்கள். இருவர் சொல்வதும் சரியல்ல. அதைவிட முக்கியமாக, நீங்கள் எடையைப் பற்றி மட்டும் கேட்டிருக்கிறீர்கள். இந்த இரண்டு செட்டுகளுக்கும் இடையில் காரின் குணத்தை மாற்றப்போவது எடையைவிட டயர் விட்டமும் ஆஃப்செட்டும்தான்.

நான் இயந்திரப் பொறியியல் படித்து, சஸ்பென்ஷன், வீல் அலைன்மெண்ட் வேலையிலேயே நெடுநாளாக இருப்பவன். இந்த விஷயத்தில் கணக்குப் போட்டு உறுதியாகச் சொல்லக்கூடியவை சில உண்டு. வேலை அனுபவத்தை வைத்துச் சொல்லக்கூடியவை சில. ஓட்டுபவரையும் சாலையையும் பொறுத்து மாறுபவை சில. மூன்றையும் ஒன்றோடொன்று கலக்காமல் எழுத முயல்கிறேன்.

முதலில் கம்பெனி என்ன கொடுத்தது என்று பார்ப்போம். 2012-இல் விற்பனைக்கு வந்த இந்தக் காரின் எடை ஏறத்தாழ 1,240 கிலோ. 17 அங்குல ரிம் உள்ள மாடலில் அகலம் 7 அங்குலம், ஆஃப்செட் +48, டயர் 215/45 ஆர்17, அதுவும் மிஷெலின் பிரைமசி எச்பி. ஒரு ஸ்போர்ட்ஸ் காருக்கு இவ்வளவு குறுகலான, சாதாரண டயரா என்று அப்போதே பலர் கேட்டார்கள். தலைமைப் பொறியாளராக இருந்த டெட்சுயா தாதா தெரிந்தே எடுத்த முடிவு அது. உச்சபட்சப் பிடிப்பைவிட, மிதமான வேகத்திலேயே கார் எப்போது வழுக்கத் தொடங்குகிறது, எப்போது மீண்டும் பிடிக்கிறது என்பது ஓட்டுபவரின் கைக்குத் தெரிய வேண்டும் என்பதே நோக்கம். ஸ்பிரிங், டேம்பர் (ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்கும் ஷாக் அப்சார்பர்), ஸ்டியரிங் எல்லாம் அந்த டயரையும் அந்த ஆஃப்செட்டையும் மனத்தில் வைத்துச் சரிசெய்யப்பட்டவை. ஆகவே ரிம்மை மாற்றுவது என்பது சஸ்பென்ஷனில் கைவைப்பதுதான்.

இப்போது அந்தப் 'பத்துக் கிலோ' கணக்கு. இது உறுதியாகத் தீர்க்கக்கூடிய ஒன்று. சக்கரம் காரோடு சேர்ந்து முன்னே நகர்கிறது, கூடவே சுழலவும் செய்கிறது. நகர்வதற்கான ஆற்றல் வேறு எந்தப் பாகத்துக்கும் ஆவதுபோலவே ஆகும். சுழல்வதற்கான கூடுதல் ஆற்றல், எடை அச்சிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. ஒரு பேச்சுக்கு, சக்கரத்தின் மொத்த எடையும் டயரின் வெளி விளிம்பிலேயே இருப்பதாக வைத்துக்கொண்டால், அந்த ஒரு கிலோ இரண்டு கிலோவாகக் கணக்காகும். அதற்கு மேல் போக இயற்பியலில் வழியே இல்லை. உண்மையான ரிம்மில் எடை அச்சுக்கும் விளிம்புக்கும் நடுவில் பரவியிருப்பதால், வேகம் எடுக்கும்போதும் பிரேக் போடும்போதும் ரிம்மின் ஒரு கிலோ சுமார் 1.3 கிலோவாகவும், பெரும்பாலான எடையைத் தரையோடு ஒட்டிய பகுதியில் வைத்திருக்கும் டயரின் ஒரு கிலோ சுமார் 1.8 கிலோவாகவும் கணக்காகும். பத்து மடங்கு, நான்கு மடங்கு என்று சொல்பவர்களிடம் அந்த எண் எப்படி வந்தது என்று கேட்டுப் பாருங்கள். டயரின் எடை ரிம்மின் எடையைவிட அதிகம் உறுத்துகிறது என்பதும் இதிலிருந்து தெரிகிறது. ஆனால் டயர் வாங்கும்போது யாரும் அதன் எடையைக் கேட்பதில்லை.

உங்கள் இரண்டு செட்டுகளுக்கும் இதைப் பொருத்திப் பார்ப்போம். 245/40 ஆர்18 டயர் பொதுவாக 11 கிலோவை ஒட்டியும், 225/45 ஆர்17 டயர் 9.5 கிலோவை ஒட்டியும் இருக்கும். ரிம்மையும் சேர்த்தால் ஒரு சக்கரத்துக்கு 5 கிலோ வித்தியாசம், நான்குக்கும் 20 கிலோ. சுழற்சியையும் சேர்த்தால் அது காரில் ஏறத்தாழ 30 கிலோ ஏற்றியதற்குச் சமம். ஓட்டுநரோடு சேர்த்து 1,300 கிலோவைத் தாண்டும் காரில் இது சுமார் இரண்டே கால் சதவீதம். தள்ளிவிடக் கூடியதும் அல்ல, பயப்பட வேண்டியதும் அல்ல. ஆனால் விட்டத்தைப் பாருங்கள். கம்பெனி டயரின் வெளிவிட்டம் 625 மி.மீ.; 225/45 ஆர்17-க்கு 634 மி.மீ.; 245/40 ஆர்18-க்கு 653 மி.மீ. அதாவது முதல் செட்டில் விட்டம் கம்பெனி அளவைவிட ஏறத்தாழ நான்கரை சதவீதம் கூடுகிறது. எஞ்சின் கொடுக்கும் அதே திருகுவிசை பெரிய ஆரத்தில் சிறிய உந்துவிசையாகத்தான் தரையைச் சேரும். எல்லா கியரும் ஒரே அடியாக நான்கு சதவீதத்துக்கு மேல் நீண்டுபோனது போல இருக்கும். குறைந்த ஆர்பிஎம்மில் இழுவை போதாது என்று ஏற்கெனவே பெயர் வாங்கிய 2 லிட்டர் எஞ்சினுக்கு இது நன்றாகவே தெரியும். ஸ்பீடோமீட்டரும் முன்பு காட்டியதைவிடக் குறைத்துக் காட்டும். எடையால் வரும் நஷ்டத்தைவிட இது பெரியது, ஆனால் இதைப் பற்றி நண்பரும் பேசவில்லை, கடைக்காரரும் பேசவில்லை. இதே 18 அங்குல ரிம்முக்கு 245/35 போட்டால் விட்டம் 629 மி.மீ.-க்கு இறங்கிவிடும். 245/40 ஆர்18 பல கார்களுக்குப் பொதுவான அளவு என்பதால் எளிதில் கிடைக்கிறது. அதனாலேயே பலர் அதை வாங்கிவிடுகிறார்கள்.

எடையின் உண்மையான வேலை வேறோர் இடத்தில் இருக்கிறது. சக்கரம், பிரேக், ஹப் (சக்கரம் பொருந்தும் அச்சுத்தலை) ஆகியவை ஸ்பிரிங்குக்குக் கீழே இருப்பவை. சாலையின் மேடுபள்ளத்தை முதலில் வாங்குபவை. காரின் உடல் வினாடிக்கு ஒன்றிரண்டு தடவை மேலும் கீழும் அசையும் தன்மை கொண்டது. சக்கரமோ வினாடிக்குப் பத்துப் பன்னிரண்டு தடவை துள்ளும் தன்மை கொண்டது. சக்கரம் கனமாக ஆக, அந்தத் துள்ளலை அடக்க டேம்பர் அதிகம் பாடுபட வேண்டும். அடங்காத நேரத்தில் டயர் தரையை அழுத்துவது கூடிக் குறைந்து, வளைவில் பிடிப்பு விட்டுவிட்டுக் கிடைக்கும். வழவழப்பான பந்தயத் தளத்தில் இது பெரிதாகத் தெரியாமல் போகலாம். ஒட்டுப்போட்ட தார்ச்சாலை வளைவில், பாதி பிடியில் ஸ்டியரிங்கைத் திருப்பி வைத்திருக்கும்போது, கனமான சக்கரம் பக்கவாட்டில் ஓரடி எடுத்துவைப்பதுபோல நகர்வதைக் கையால் உணரலாம். ஃபோர்டு 2015-இல் அறிமுகப்படுத்திய ஷெல்பி ஜிடி350ஆர் காருக்குக் கார்பன் ஃபைபர் சக்கரங்களைக் கம்பெனியிலிருந்தே பொருத்திக் கொடுத்தது. அதே அளவு அலுமினியச் சக்கரம் 15 கிலோ எடை இருக்கும் இடத்தில் இது 8 கிலோ. சக்கரம் அவ்வளவு லேசானதும் ஸ்பிரிங், டேம்பர் அமைப்பையும் அதற்கேற்ப மாற்ற வேண்டியிருந்தது என்பது, இந்த எடை சஸ்பென்ஷனில் எவ்வளவு பேசுகிறது என்பதற்கு நல்ல சான்று. ஒரு கிலோ குறைந்தால் ஒரு சுற்றுக்கு இத்தனை வினாடி மிச்சம் என்று எண் சொல்பவர்களை மட்டும் நம்ப வேண்டாம். தளம், டயர், டேம்பர் மூன்றும் சேர்ந்து தீர்மானிக்கும் விடை அது.

லேசானது என்பதற்காகவே ஒரு ரிம்மை வாங்குவதும் தவறு. ரேஸ் நிறுவனத்தின் டிஇ37 ரிம், 15 அங்குல அளவில் வெறும் 3.7 கிலோ என்பதால் பெயர் பெற்றது. அது ஃபோர்ஜிங்கில் செய்தது, வடிவமும் அதற்கேற்ற வடிவம். அதே தோற்றத்தில் வார்த்து விற்கப்படும் நகலில் அதே எடையை எட்ட வேண்டுமென்றால் எங்கோ உலோகத்தை மெலிதாக்கியிருக்க வேண்டும். ஜப்பானியத் தரமுத்திரைகளான ஜேடபிள்யூஎல், விஐஏ இரண்டும் ரிம்மில் வார்த்துப் பதிந்திருக்கின்றனவா என்று பாருங்கள். பதிந்திருப்பதாலேயே எல்லாம் சரி என்று ஆகிவிடாது, நகலில் முத்திரையையும் நகலெடுக்கிறார்கள். ஆனால் முத்திரையே இல்லாத ரிம்மை 17 அங்குலத்திலும் 18 அங்குலத்திலும் குறுகிய பக்கச்சுவர் டயரோடு பள்ளத்தில் இறக்கத் துணிய வேண்டாம். உள்பக்கக் குழலில், ஸ்போக் சேரும் இடத்துக்குப் பின்னால், முடி போன்ற விரிசல் ஓடியிருக்கும் ரிம்களைக் கழற்றிக் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறேன். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. காற்று மெதுவாக இறங்குகிறது என்று மட்டுமே வண்டிக்காரர் சொல்வார்.

இனி ஆஃப்செட். ரிம்மின் அகலத்துக்கு நடுக்கோடு ஒன்று உண்டு. ஹப்பில் போய் ஒட்டும் முகம் அந்தக் கோட்டிலிருந்து வெளிப்பக்கமாக எத்தனை மில்லிமீட்டர் தள்ளியிருக்கிறது என்பதே நேர் ஆஃப்செட். எண் குறையக் குறைய சக்கரம் வெளியே வரும். ஆனால் அகலமும் சேர்ந்து மாறும்போது ஆஃப்செட் எண்ணை மட்டும் பார்த்து எதையும் சொல்ல முடியாது. இரண்டையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். உங்கள் முதல் செட்டில் ரிம்மின் வெளி ஓரம் கம்பெனி நிலையைவிட 58 மி.மீ. வெளியே வருகிறது, உள் ஓரம் 6 மி.மீ. உள்ளே போகிறது. இரண்டாவது செட்டில் வெளியே 16, உள்ளே 10. இந்தக் காரின் முன்பக்கம் மெக்ஃபெர்சன் ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் டேம்பரும் ஒரே தண்டாகச் சேர்ந்து சக்கரத்தைத் தாங்கும் அமைப்பு) என்பதால் உள்பக்க இடைவெளி ஸ்ட்ரட்டை ஒட்டியே தீர்மானமாகிறது, 10 மி.மீ. பெரும்பாலும் பிரச்சினை தராது, என்றாலும் டயருக்கு டயர் தோள் வடிவம் மாறும் என்பதால் அளந்து பார்ப்பதே முறை. வெளிப்பக்க 58 மி.மீ. நிச்சயம் பிரச்சினை. ஃபெண்டர் (சக்கரத்தின் மேல் உள்ள உடல் தகடு) விளிம்பை மடித்து, கேம்பரை (சக்கரம் செங்குத்திலிருந்து சாயும் கோணத்தை) மிகையாகக் கூட்டினாலொழிய டயர் உள்ளே அடங்காது; விட்டமும் பெரிதாகியிருப்பதால் ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பும்போது உள் லைனரிலும் உரசும். அளப்பதற்கு எளிய வழி உண்டு: குழந்தைகள் விளையாடும் களிமண் உருண்டையை ஸ்ட்ரட்டிலும் ஃபெண்டரின் உள்விளிம்பிலும் ஒட்டிவிட்டு, ஒரே ஒரு ரிம்மையும் டயரையும் மாட்டி, மெதுவாக ஒரு சுற்று ஓட்டி, ஒரு வேகத்தடையில் ஏறி இறங்கி, பிறகு அந்தக் களிமண் எவ்வளவு நசுங்கியிருக்கிறது என்று பாருங்கள்.

ஃபெண்டருக்குள் அடங்குகிறதா என்பதோடு ஆஃப்செட் பற்றிய யோசனையைப் பெரும்பாலோர் முடித்துவிடுகிறார்கள். எனக்கு அதைவிடக் கவலை தருவது ஸ்டியரிங். முன்சக்கரம் திரும்பும் அச்சுக்கோட்டை நீட்டினால் தரையில் ஒரு புள்ளியைத் தொடும். அந்தப் புள்ளிக்கும் டயரின் நடுக்கோட்டுக்கும் உள்ள பக்கவாட்டுத் தூரம்தான் ஸ்க்ரப் ஆரம். +48 இருந்த இடத்தில் +22 வந்தால் அந்தத் தூரம் 26 மி.மீ. வெளிப்பக்கமாக நகர்கிறது, டயர் விட்டம் கூடுவதால் அதில் சில மில்லிமீட்டர் குறையும், அவ்வளவே. இதன் விளைவைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஒரு பக்கச் சக்கரம் காய்ந்த தாரிலும் மறுபக்கச் சக்கரம் ஈர மண்ணிலும் இருக்க, பிரேக்கை அழுத்துகிறீர்கள். இரு முன்சக்கரங்களின் பிரேக் விசையில் 2,500 நியூட்டன் வித்தியாசம் என்று வைத்துக்கொண்டால், 26 மி.மீ. நகர்ந்ததால் மட்டும் திரும்பும் அச்சில் 65 நியூட்டன் மீட்டர் கூடுதல் திருகல் உண்டாகும். காரை அது பிடிப்புள்ள பக்கம் நோக்கியே திருப்பும். கார் ஏற்கெனவே அந்தப் பக்கம்தான் இழுத்துக்கொண்டிருக்கும். 1972-இல் வந்த ஆடி 80 காரில் ஸ்க்ரப் ஆரத்தை எதிர்த்திசையில் வைத்து, ஒருபக்க பிரேக் குறைந்தாலும் ஸ்டியரிங் தானே சமன் செய்யும்படி அமைத்தார்கள்; அந்தத் தூரத்துக்கு வடிவமைப்பாளர்கள் தரும் மதிப்பு அதிலிருந்து புரியும். இயல்பான ஓட்டத்திலும் பள்ளத்தில் விழும் ஒவ்வொரு அடியும் நீண்டுபோன நெம்புகோல் வழியாக ஸ்டியரிங்குக்கு வந்து சேரும். சிலர் அதை 'ஸ்டியரிங் உயிரோடு இருக்கிறது' என்று விரும்புகிறார்கள். சாலையின் தகவல் வேறு, சாலையின் அடி வேறு என்பது என் கருத்து. இது ரசனை சார்ந்தது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

வெளியே தள்ளுவதில் நன்மையே இல்லையா என்றால், உண்டு. முதல் செட்டில் முன் டிராக் (இரு முன்சக்கரங்களின் நடுக்கோடுகளுக்கு இடையிலான தூரம்) 1,520 மி.மீ. இருந்தது 1,572 ஆகிறது. வளைவில் உள்சக்கரத்திலிருந்து வெளிச்சக்கரத்துக்குப் பெயரும் சுமை மூன்று சதவீதத்துக்குச் சற்று மேல் குறையும். இது மெய்யான லாபம். மறுபுறம், ஆஃப்செட் குறைந்தால் ஸ்பிரிங் தளர்ந்து கார் தொய்ந்துவிடும் என்று அடிக்கடி சொல்வார்கள், இது மிகைப்படுத்தல். சக்கரம், அதைக் காரின் உடலோடு இணைக்கும் கீழ்க்கையின் போல்ட்டைச் சுற்றி ஆடுவதாக நினைத்துக்கொண்டு போடும் கணக்கு அது. உண்மையில் அது வெகு தொலைவில் உள்ள ஒரு கற்பனை மையத்தைச் சுற்றி ஆடுவதால், 26 மி.மீ. அங்கே சில சதவீத மாற்றத்தையே தரும். ஆனால் மெக்ஃபெர்சன் ஸ்ட்ரட்டில் வேறொன்று நடக்கிறது. டயர் வெளியே போனால் ஸ்ட்ரட் தண்டை வளைக்கப் பார்க்கும் விசை கூடும். அந்த விசையைச் சமன் செய்யத்தான் ஸ்பிரிங்கைச் சாய்த்து வைக்கிறார்கள், அந்தச் சாய்வு கம்பெனி ஆஃப்செட்டுக்குக் கணக்கிட்டது. கூடும் வளைவு விசை தண்டில் உராய்வாக மாறி, சிறு அதிர்வுகளில் சஸ்பென்ஷன் இறுகிப்போன உணர்வைத் தரும். வீல் பேரிங்கிலும் நேர்ச்சாலை ஓட்டத்தில் விழும் சுமை கூடும். அதனால் பேரிங் எத்தனை கிலோமீட்டர் முன்னதாகப் போகும் என்பது சாலையையும் வேகத்தையும் பொறுத்தது, அதற்கு ஓர் எண் சொல்வது நேர்மையாகாது.

அகலத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ரிம்மின் அகலம் டயருக்கு ஏற்றதாக இருந்தால் பக்கச்சுவர் நிமிர்ந்து நின்று, ஸ்டியரிங் திருப்பியதும் கார் சீக்கிரம் பதில் சொல்லும். 225/45 ஆர்17 டயருக்கு 8 அங்குலம் அப்படிப்பட்ட அகலம். 9.5 அங்குலம் 245 டயருக்கு ஏற்கத்தக்க எல்லையின் மேல் விளிம்பு. அகல டயர் காய்ந்த சாலையில் கூடுதல் பிடிப்பைத் தரும், ஆனால் மழையில் குறைந்த வேகத்திலேயே தண்ணீர்மேல் மிதக்கத் தொடங்கும். ஆனால் ரப்பர் கலவையை மாற்றினால் கிடைக்கும் பிடிப்பு, அகலத்தை ஓரங்குலம் கூட்டினால் கிடைப்பதைவிட அதிகம் என்பதே என் அனுபவம். ஸ்ட்ரட் வைத்த முன்சக்கரம் கார் சாயும்போது போதிய கேம்பரை எடுப்பதில்லை. ஆகவே வேகமாக ஓட்டுபவர்களின் டயரில் வெளித்தோள் மட்டும் வழுக்கையாகி, நடுப்பகுதியில் பாதி பள்ளம் அப்படியே இருக்கும். அகலத்தைக் கூட்டிவிட்டுக் கேம்பரைக் கம்பெனி அளவிலேயே விட்டால் வாங்கிய அகலத்தில் ஒரு பகுதி வளைவில் வேலையே செய்யாது.

என்னைக் கேட்டால் இரண்டாவது செட்டை எடுங்கள். ஃபெண்டர் வேலைக்குப் போகாமல் மிச்சமாகும் பணத்தில் நல்ல டயரும், கேம்பர் போல்ட்டுகள் போட்டு முன்பக்கம் ஒன்றரை டிகிரி எதிர்க் கேம்பரோடு (சக்கரத்தின் மேல்பகுதி உள்நோக்கிச் சாய) ஒரு முழு அலைன்மெண்ட்டும் செய்துகொள்ளுங்கள். பொருத்தும்போது கவனிக்க வேண்டியவை இவை. போல்ட் வட்டம் 5 × 100 (ஐந்து போல்ட், வட்டத்தின் விட்டம் 100 மி.மீ.). ஹப்பின் நடுமுனை 56.1 மி.மீ.; சந்தை ரிம்கள் பல 73.1 மி.மீ. துளையோடு வரும் என்பதால் சரியான ஹப் வளையம் கட்டாயம், இல்லாவிட்டால் நெடுஞ்சாலை வேகத்தில் ஸ்டியரிங் நடுங்கும், எத்தனை முறை பேலன்ஸ் செய்தாலும் போகாது. நட் 12 மி.மீ., புரியிடைவு 1.25, ரிம்மின் இருக்கைக்கேற்ற கூம்பு வடிவம் இருக்கிறதா என்று பார்த்து, டார்க் ரெஞ்சில் 120 நியூட்டன் மீட்டருக்கு முடுக்கி, நூறு கிலோமீட்டர் ஓடியபின் ஒருமுறை சரிபார்க்க வேண்டும்.

தோற்றத்துக்காக முதல் செட்டின் மீதே மனம் போனால் அதையும் குற்றமாகச் சொல்லமாட்டேன். அது உங்கள் கார். அப்படியானால் 245/40-ஐ விட்டு 245/35 டயரே போடுங்கள், ஃபெண்டர் வேலைக்கான செலவை முன்கூட்டியே சேர்த்துக்கொள்ளுங்கள், டயர் உடலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருப்பதை உங்கள் நாட்டு வாகனச் சட்டமும் காப்பீட்டு நிறுவனமும் எப்படிப் பார்க்கின்றன என்பதை ரிம்முக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்பே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.